கிரேலோ மலையின் மேல் கேட்

சவுத்போர்ட்
22 ஏப்ரல் 1981, புதன்

அன்புள்ள ஹெஸ்டர்,

நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிரே இருந்தவர் ஆரஞ்சு உரித்துத் தோலைத் தரையில் போட்டுக்கொண்டே வந்தார். எடுக்கச் சொன்னேன். எடுத்தார்.

ஈஸ்டருக்கு அழைத்ததற்கு நன்றி. நன்றி சொல்வது முறை, சொல்லிவிட்டேன். கண்ணில் பட்ட குறைகளைச் சொல்வதும் முறைதான். உன் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக உன் வீட்டில் தங்கிய அக்கா சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

படுக்கை விரிப்பில் ஈரம் இருந்தது. காய்ந்த துணிக்கும் காய்ந்ததாகச் சொல்லப்படும் துணிக்கும் வித்தியாசம் உனக்கு ஒரு காலத்தில் தெரியும். தேநீரை அடுப்பு மேலேயே வைத்துக் கறுக்க விடுகிறாய். சாப்பாட்டு மேசைக்கு அடியில் நாய் படுத்திருந்தது, அதுவும் ஆண்டவர் உயிர்த்த ஞாயிறன்று. ஆட்டுத் தொடையை உன் கணவர் நின்றபடி வெட்டி, முதல் துண்டை அந்த நாய்க்குப் போட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

பூசைக்குப் போக ஒரு வண்டி கேட்டேன். அதற்கு உன் ஜெத்ரோ என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "எங்க மெதடிஸ்ட் கோயில்லயும் அதே கடவுள்தான் மதினி. நாற்காலிதான் கொஞ்சம் கெட்டி." நீயும் சிரித்தாய். மடத்துப் பள்ளியில் மதர் பெர்னார்டிடம் படித்த பெண் அதற்குச் சிரித்தாள்.

என் பட்டு ஸ்கார்ஃபைப் பற்றியும் பேச்சு வந்தது. ஆர்தர் சாவதற்கு முன் கடைசியாக வாங்கித் தந்தது என்று நான் சொன்ன பிறகும், "இதக் கட்டிவிட்டா எங்க கிழட்டு ஆடுகூட மகாராணி மாதிரி நடக்கும்" என்றார். நான் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டேன். அது வேகவில்லை.

மலையைப் பற்றிச் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஜன்னல் வழியாக கிரேலோவைப் பார்த்து, ஆர்தரும் நானும் கல்யாணமான புதிதில் இதன் உச்சிக்கு ஏறினோம், இன்றும் என்னால் முடியும் என்றேன். "மதினியாரே, நீங்க மேல் கேட்டத் தாண்டிட்டா நான் கோயில்ல ஒத்தைக்கால்ல நின்னு பாடுறேன்" என்றார். அவரை நிற்கச் சொல். நேற்றுக் காலை நான் சாலை வழியாகப் பேருந்துக்குப் போகிறேன் என்றுதானே இருவரும் நினைத்தீர்கள்? பெட்டியை முந்தின நாளே பால் வண்டியில் கிராமத்து விடுதிக்கு அனுப்பியிருந்தேன். நான் மலை வழியாகப் போனேன்.

மேல் கேட்டில் பத்து நிமிடம் நின்று மூச்சு வாங்கியது உண்மை. பிறகு உச்சி. காற்று தெளிவாக இருந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் கல் சுவர்கள், நடுவே உங்கள் புகைபோக்கி, அந்தப் பக்கம் ஏரியின் வெள்ளை விளிம்பு. எதுவும் மாறவில்லை. ஆர்தர் தொப்பியைப் பறக்கவிட்ட பாறை அங்கேயே இருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அந்த மேல் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். "தயவுசெய்து கேட்டை மூடவும்" என்று ஜெத்ரோவே பெயின்ட்டால் எழுதிய பலகை அதில் தொங்குகிறது. ஆனால் கேட் அகலத் திறந்து, ஒரு பெரிய கல் அண்டை கொடுத்துக் கிடந்தது. உல்லாசப் பயணிகள் செய்த வேலையாக இருக்கும். நடக்க வருகிறவர்களுக்கு இப்போது ஒரு ஒழுங்கும் இல்லை. கல்லை நானே உருட்டித் தள்ளி, கேட்டை இழுத்து மூடினேன். கொக்கி உடைந்திருந்தது. கட்டுவதற்குக் கையில் வேறு ஒன்றும் இல்லாததால் என் ஸ்கார்ஃபை அவிழ்த்து, மிஷன் பார்சல்களுக்கு மதர் பெர்னார்ட் கற்றுத் தந்த முடிச்சைப் போட்டேன். காற்றுக்கு அசையாது. ஜெத்ரோவிடம் ஒரு சங்கிலி வாங்கி மாட்டச் சொல். ஸ்கார்ஃபைத் துவைத்துத் தபாலில் அனுப்பு.

கடைசியாக ஒன்று. ஞாயிறன்று தட்டுக் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்று கேட்டாய். "அந்தச் சின்ன ரூம் சும்மாதான கெடக்குது அக்கா. சவுத்போர்ட்ல தனியா என்ன பண்ற? இங்க வந்துரேன்." நான் காதில் விழாதது போலத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

வருகிறேன். ஜூனில், பெந்தெகொஸ்தே திருநாளுக்குப் பிறகு. மெத்தையை வெயிலில் போட்டு வை.

வினிஃப்ரெட் டால்ட்ரி


கிரேலோ பண்ணை
24 ஏப்ரல், வெள்ளி காலை

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஜெத்ரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "படி, மகாராணி என்ன சொல்றாங்க கேப்போம்" என்றார். உன் குரலிலேயே படித்துக் காட்டினேன். எனக்கு உன் குரல் நன்றாக வரும், தெரியுமா? ஈர விரிப்பு, கறுத்த தேநீர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். நாய்க்குப் போட்ட துண்டு வந்ததும், "அடப்பாவி, பாத்துட்டாங்களா! முதுகுலயும் கண்ணு இருக்கு!" என்று மேசையைத் தட்டினார். பூசை வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. நாற்காலி கெட்டி என்று சொன்னது விளையாட்டுக்கு, அக்கா. விளையாட்டு என்றால் என்னவென்று உனக்கு யாருமே சொல்லித் தரவில்லையா? அடுத்து ஸ்கார்ஃப். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"போதும், நிறுத்து ஹெஸ். சோறு எறங்கல. அத அடுப்புல போடு."

அடுப்பில் போடவில்லை. மிச்சத்தைப் படிக்கவும் இல்லை. உருளைக்கிழங்குக்கு அப்புறம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா செத்தபோதும் நீ இப்படித்தான் எழுதினாய், சவப்பெட்டிக்குக் கைப்பிடி சரியில்லை என்று. இழுப்பறையில் தள்ளிவிட்டேன்.

தட்டுக் கழுவும்போது கேட்டதை மறந்துவிடு. நீ பதில் சொல்லாததே பதில்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கினார், பரவாயில்லை. பனிக்காலத்திலிருந்தே அவருக்கு நெஞ்சு சரியில்லை. மேடு ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறு முழுக்க அவர் உட்காராமல் இருந்ததும், நின்று தொடை வெட்டியதும் உனக்கு மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது, அதை நீ பார்த்துவிடுவாய் என்றுதான் நின்றார்.

காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் கடைசியில் இப்படிக் குளிர் நான் பார்த்ததில்லை. ஆடுகள் குட்டிகளோடு மலை மேல் இருக்கின்றன. நான் கவலைப்பட்டதற்கு, "மேல் கேட்டுக்குக் கல்லு வச்சிருக்கேன்ல. பனி வருதுன்னா தானா எறங்கி, கீழ் வயல் சுவரோரம் ஒதுங்கிக்கும். உங்கக்காவ விட அதுகளுக்கு அறிவு ஜாஸ்தி" என்கிறார். இங்கே எல்லோருக்கும் தெரியும், பலகை என்ன சொன்னாலும் கல் வைத்த கேட்டைத் தொடக் கூடாது. அந்தக் கேட் திறந்திருப்பதால்தான் இந்த வருடம் அவர் ஏறாமல் இருக்கிறார்.

தபால்காரர் ஹாரன் அடிக்கிறார்.

ஹெஸ்டர்


சவுத்போர்ட்
25 ஏப்ரல், சனி

ஹெஸ்டர்,

மேல் கேட் மூடியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான்தான் மூடினேன். கல்லை உருட்டிவிட்டு ஸ்கார்ஃபால் கட்டியிருக்கிறேன். நீ படிக்காத பக்கத்தில் அது இருக்கிறது. ஜெத்ரோவிடம் உடனே சொல். அவர் ஏறக் கூடாது. வேறு யாரையாவது அனுப்பு.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உன் எண்ணுக்குக் காலையிலிருந்து போன் செய்கிறேன், மணியே அடிக்கவில்லை. தந்தி கொடுக்கப் போனேன். "அந்தப் பக்கம் கம்பி எல்லாம் விழுந்து கெடக்கும்மா, பனி" என்றாள் தபால் நிலையத்துப் பெண். காவல் நிலையத்தில் சொன்னேன். "ஆட்டுக்காகவா அம்மா?" என்று அங்கிருந்தவன் சிரித்தான். ஆட்டுக்காக இல்லை, ஒரு மனிதர் இருக்கிறார் என்றேன். ரோடு திறந்ததும் சொல்கிறோம் என்றான்.

ரயில் ஸ்டாக்போர்ட் வரைக்கும்தான். அங்கிருந்து எதுவும் ஓடவில்லை. விசாரித்துவிட்டேன்.

அவசரத் தபாலில் போடுகிறேன். எப்போது சேரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வினிஃப்ரெட்


கிரேலோ பண்ணை
7 மே

திருமதி டால்ட்ரி அவர்களுக்கு,

உங்கள் அவசரத் தபால் புதன்கிழமை ரோடு திறந்த பிறகு வந்தது. அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வெள்ளி இரவு தொடங்கிய பனி சனிக்கிழமை முழுவதும் கொட்டியது. முற்றத்துக் கிணறே கண்ணுக்குத் தெரியவில்லை. "ஆடுங்க கீழ் வயல்லதான் இருக்கும், விடு" என்று ஜெத்ரோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிறு காலை வானம் தெளிந்ததும் கதவைத் திறந்து பார்த்தார். கீழ் வயல் வெள்ளையாக, ஒரு காலடிகூட இல்லாமல் கிடந்தது. காலணியை மாட்டத் தொடங்கினார்.

"எங்க போறீங்க?"

"கேட் வரைக்கும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா செம்மறி மேய்க்கிறான்? போயிட்டு வந்து டீ குடிக்கிறேன். உங்கக்கா சொன்ன மாதிரி கறுக்க விடாத."

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மத்தியானம் நாய் தனியாக வந்தது. பக்கத்துப் பண்ணை சிரிலைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றிருந்தன. இறங்கத்தான் வந்திருக்கின்றன, பாவம், அவர் சொன்னது போலவே. கேட்டின் உயரத்துக்குப் பனி. மேலே நின்ற சில உயிரோடு இருந்தன. கீழே இருந்தவை இல்லை. குட்டிகளில் ஒன்றும் இல்லை.

அவர் இந்தப் பக்கம், கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையுறை இரண்டையும் கழற்றி, ஒழுங்காக மடித்து மடியில் வைத்திருந்தார். கைகள் உங்கள் முடிச்சின் மேல் இருந்தன. விரல் நுனிகள் எப்படி இருந்தன என்று எழுத மாட்டேன்.

கத்தி அவர் சட்டைப் பையில் இருந்தது. மடக்கியபடியே. தினமும் கயிறு அறுக்கிற கத்தி, திருமதி டால்ட்ரி. ஒரு இழுப்பில் அந்தப் பட்டுத் துணியை அறுத்திருக்கலாம். சிரில் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். "ஏன் அறுக்கல? கத்தி இருக்குல்ல, ஏன் அறுக்கல?" எனக்குத் தெரியும். பார்த்ததும் யாருடையது என்று கண்டுகொண்டிருப்பார். ஆர்தர் வாங்கித் தந்தது என்று நீங்கள் மேசையில் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. மகாராணி என்று கேலி செய்த பொருளை அவரால் கிழிக்க முடியவில்லை.

நான் சிரிலையும் அறுக்கவிடவில்லை. கேட்டின் மரக்கட்டையை ரம்பத்தால் அறுத்து ஸ்கார்ஃபை எடுத்தோம்.

அடக்கம் முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வேண்டுமென்றே.

அடக்கத்துக்கு மறுநாள்தான் இழுப்பறையைத் திறந்து உங்கள் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன அறைக்கு உங்களைக் கூப்பிடச் சொன்னது நான் இல்லை. அவர். "நான் போயிட்டா நீ தனியா கெடந்து பேசிக்கிட்டு இருப்ப ஹெஸ். அந்தம்மாவக் கூப்பிடு. சண்டை போடவாவது ஆளு வேணும்ல" என்று ஈஸ்டருக்கு முன்பே சொன்னார். உங்களுக்காக அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்ததும் அவர்தான். நாற்காலியில் நின்று, மேடு ஏறக் கூடாத நெஞ்சோடு.

ஸ்கார்ஃபைத் துவைத்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். துவைத்துவிட்டேன். முடிச்சு எனக்கும் அவிழவில்லை.

ஹெஸ்டர் பாக்ஷா


சவுத்போர்ட்
12 மே

ஹெஸ்டர்,

பார்சல் வந்தது.

நீ என்னைத் திருமதி டால்ட்ரி என்று அழைத்தது சரி. வேறு எப்படி அழைப்பாய்?

மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. பலகை மூடச் சொன்னது, நான் மூடினேன். மடத்துப் பள்ளியில் நம்மைப் பத்துப் பத்தாக வரிசையில் வயல் வழியே நடத்திப் போவார்கள். கடைசியாக வரும் பெண் கேட்டை மூட வேண்டும். எப்போதும் நான்தான் கடைசி, ஏனென்றால் நான் மறக்க மாட்டேன். ஒரு நாளும் மறந்ததில்லை. நீ முன்வரிசையில் ஓடிக்கொண்டிருப்பாய். இதை எழுதி என்ன பயன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ரயில், ஆரஞ்சுத் தோல். ஈர விரிப்பு. அதெல்லாம் முதலில், சொல்ல வேண்டியது கடைசியில். குறையை முதலில் முடித்துவிட்டால் நல்லது கடைசியில் சுத்தமாக நிற்கும் என்று நினைத்தேன். அந்த மனிதர் கரண்டியைக் கீழே வைத்த இடத்துக்குப் பிறகு மலையும், கேட்டும், வருகிறேன் என்பதும் இருந்தன. வருகிறேன் என்பதை முதல் வரியில் எழுதியிருந்தால் அவர் மேற்கொண்டு கேட்டிருப்பார். கேட்டைப் பற்றியும் கேட்டிருப்பார். ஒத்தைக்காலில் நிற்கப் போவதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே யாரையாவது மேலே அனுப்பியிருப்பார். வியாழனும் வெள்ளிப் பகலும் பனி விழவில்லை, இல்லையா?

அவர் தொடையை நின்று வெட்டியதை ஒரு குறையாக எழுதினேன். அந்த வரியைத்தான் இரவெல்லாம் பார்க்கிறேன்.

ஸ்கார்ஃபை இளம் சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தேன். தையல் ஊசி கொண்டு நெம்பினேன். அவிழ்க்கவும் எனக்குத்தான் கற்றுத் தந்தார்கள். அவிழவில்லை. அறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன், அவர் அறுக்காததை நான் அறுப்பதா என்று வைத்துவிட்டேன். இழுப்பறையில் முடிச்சோடு இருக்கிறது.

நான் அங்கே வந்து இருக்கட்டுமா? சமைப்பேன், விறகு எடுத்துப்போடுவேன். என்னைப் பேச வைக்க வேண்டாம்.

வினிஃப்ரெட்


கிரேலோ பண்ணை
3 ஜூன்

அக்கா,

வேண்டாம்.

பதில் எழுத மூன்று வாரம் ஆனது. கோபத்தால் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

கேட்டை மூடியதற்காக உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பலகையை எழுதியது அவர். கொக்கியை ரிப்பேர் செய்யாமல் விட்டதும் அவர். கடிதத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னதும் அவர்தான். உன் குரலில் கேலியாகப் படித்தது நான். அந்தக் குரலில் படிக்காமல் என் குரலில் படித்திருந்தால் அவர் முழுதும் கேட்டிருப்பாரோ என்னவோ. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். பார், அதற்கும் நீதான் இருக்கிறாய்.

ஆனால் மாடிப்படியில் உன் காலடி கேட்டால் என்னால் தாங்க முடியாது. தேநீர் ஊற்றும்போது நீ பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் காலைதான் வரும். சுண்ணாம்பு அடித்த அறைக்குள் நானே போவதில்லை. உன்னை எப்படி வைப்பேன்?

மிஞ்சின ஆடுகளைச் சிரில் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மலைக்கு வெயில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். மேல் கேட் இப்போது கிடையாது, வெறும் இரண்டு கம்பம். போன வாரம் ஒரு பெண் வீட்டுக் கதவைத் தட்டி, "கேட் எங்கங்க? ஆடு வெளிய போயிறாதா?" என்று அக்கறையாகக் கேட்டாள். நல்ல பெண். ஆடு இல்லை என்றேன். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மேலே அழகாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடிதம் எழுது. வராதே, எழுது. முழுதும் படிப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், அதனால் சொல்ல வேண்டியதை முதல் வரியில் சொல்.

ஹெஸ்டர்


சவுத்போர்ட்
12 டிசம்பர்

ஹெஸ்டர்,

நான் தனியாக இருக்கிறேன்.

இங்கே காலையிலிருந்து பனி. அங்கே எப்படி?

அக்கா